கடற்கன்னிக் கதையும் அதன் மறுகூறலும்: ஒப்பீட்டுக் கட்டுரையில் வாதத்தை எங்கே தேடுவது?

கேள்வி: மண்டபம் மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் மண்டபத்தில் வசிக்கிறேன். இளங்கலை ஆங்கில இலக்கியம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். தேவதைக் கதை ஒன்றையும் அதன் மறுகூறல் ஒன்றையும் ஒப்பிட்டுப் பகுப்பாய்வுக் கட்டுரை எழுத வேண்டும் என்பது இந்தப் பருவத்தில் எங்களுக்குத் தரப்பட்ட பணி. கடலைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால், டென்மார்க்கு எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1837இல் வெளியிட்ட கடற்கன்னிக் கதையையும், அதைத் தழுவி டிஸ்னி நிறுவனம் 1989இல் வெளியிட்ட திரைப்படத்தையும் தேர்ந்தெடுத்தேன்.

முதல் வரைவில் 14 வேறுபாடுகளை எழுதினேன். மனிதக் கால்கள் தருவதற்கு விலையாகக் கதையில் சூனியக்காரி கடற்கன்னியின் நாக்கை அறுக்கிறாள், படத்தில் குரலை மட்டும் எடுத்துக்கொள்கிறாள். கதையில் இளவரசன் வேறொருத்தியை மணக்கிறான், படத்தில் இவளையே மணக்கிறான். வரைவு முழுவதும் இந்த முறையில்தான் போகிறது. "வேறுபாடுகள் எல்லாம் சரி. இவற்றைக் கொண்டு நீ என்ன சொல்ல வருகிறாய்?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வாதம் என்பதை எங்கிருந்து எடுப்பது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். நம் கடலில் வாழும் ஆவுளியா என்னும் கடற்பசுவைத்தான் அக்கால மாலுமிகள் கடற்கன்னி என்று எண்ணியிருப்பார்கள் என்று ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். அது கட்டுரையில் இருக்கலாமா?

மறுமொழி 1: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், இராமநாதபுரம்

அன்பு மகளுக்கு, உன் 14 வேறுபாடுகளும் வீணாகவில்லை. அவற்றில் எது மற்றவற்றைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு வருகிறது என்று பார். வாதம் அங்கேதான் இருக்கும்.

நீ முதலில் குறிப்பிட்ட வேறுபாட்டையே எடுத்துக்கொள்வோம். அறுத்த நாக்கு திரும்ப ஒட்டாது. அந்த இடத்திலேயே ஆண்டர்சன் திரும்பி வரும் வழியை அடைத்துவிடுகிறார். அதன் பிறகு அந்தப் பெண் தான் யார் என்பதை இளவரசனிடம் சொல்லவே முடியாது. படத்திலோ குரலை ஒரு சங்கினுள் அடைத்துச் சூனியக்காரி தன் கழுத்தில் மாட்டிக்கொள்கிறாள். அடைத்து வைத்த பொருளைத் திறக்கலாம், சங்கை உடைக்கலாம், குரல் உரியவளிடம் போய்ச் சேரலாம். ஆகவே பேரம் நடக்கும் காட்சியிலேயே இரண்டு கதைகளின் முடிவும் ஏறக்குறையத் தீர்மானமாகிவிட்டது என்று உன்னால் சொல்ல முடியும். இந்தக் கருத்தை ஒருவர் மறுக்கலாம், நீ கதையிலிருந்து சான்று காட்டி நிலைநாட்டலாம். மறுக்க இடமில்லாத கூற்று வெறும் தகவலாகவே நின்றுவிடும்.

இன்னும் ஆழமாகப் போக விரும்பினால், அவள் எதற்காக விலை கொடுக்கிறாள் என்று கேட்டுப் பார். கடல்வாசிகள் 300 ஆண்டு வாழ்ந்து நுரையாகிவிடுவார்கள், மனிதர்க்கோ அழியாத ஆன்மா உண்டு என்று ஆண்டர்சன் கதையில் பாட்டி பேத்திக்குச் சொல்கிறாள். அவள் இளவரசனை மட்டும் நாடிப் போகவில்லை, அந்த ஆன்மாவையும் நாடிப் போகிறாள். அதனால்தான் இளவரசன் கிடைக்காத பின்னும் கதை முடிந்துவிடாமல், காற்றின் மகள்களுடன் சேர்ந்து நற்செயல்களால் ஆன்மாவைப் பெறலாம் என்ற நம்பிக்கையோடு மேலே எழ முடிகிறது. படம் ஆன்மாவைப் பற்றிய பேச்சை முழுவதும் நீக்கிவிட்டது. இரண்டு நாட்டங்களில் ஒன்றை எடுத்துவிட்ட பிறகு, மிஞ்சிய ஒன்றையாவது அவளுக்குக் கொடுக்காமல் படத்தை முடிக்க முடியாது. திருமணம் படத்தில் வந்தது பார்வையாளரை மகிழ்விக்க மட்டும்தான் என்று பலர் எழுதிவிடுவார்கள். கதையின் உள்ளமைப்பே அதைக் கோருகிறது என்று நீ எழுதினால், கட்டுரை உன்னுடையதாக இருக்கும்.

நம் இலக்கியத்தில் இதற்குத் துணை வேண்டுமானால் அகலிகையைப் பார். வால்மீகியில் அகலிகை யார் கண்ணிலும் படாமல், காற்றை உண்டு, சாம்பலில் கிடக்கிறாள். கம்பன் அவளைக் கல்லாக்குகிறான். புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய 'சாபவிமோசனம்' கதையில், சீதையை இராமன் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்ட அகலிகை மறுபடியும் கல்லாகிறாள். கல்லான அகலிகை கையில் இருந்ததால்தான் அந்த முடிவு அவருக்குக் கிட்டியது. மறுகூறல் எதை மாற்றியது என்று மட்டும் கேட்காதே, எதை மாற்றாமல் வாங்கிக்கொண்டது என்றும் கேள்.

ஆவுளியாப் பத்தியை நீக்கிவிடு. அது உயிரியல் செய்தி. கதையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மறுமொழி 2: பாம்பன் வாசகி

ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் தங்கை, ஊரை முழுவதுமாகக் கட்டுரைக்கு வெளியே நிறுத்திவிட வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

என் தாயார் தீவுகளை ஒட்டிய ஆழம் குறைந்த கடலில் பாசி எடுக்கப் போனவர். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் நீரில் இறங்குவார். அப்படியும் பாதத்தில் கீறல் இல்லாத நாளை நான் பார்த்ததில்லை. கடற்கன்னி எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் கத்திமுனையில் மிதிப்பது போல இருக்கும் என்று ஆண்டர்சன் எழுதியதைப் படித்தபோது, அதை அலங்காரமாக என்னால் கடந்து போக முடியவில்லை. அதன் பிறகு கதை முழுவதும் அவளுடைய கால்களையே பின்தொடர்ந்து படித்தேன். அந்தக் கால்களோடுதான் அவள் அரண்மனையில் ஆடுகிறாள். இளவரசனோடு மலையேறும்போது பாதத்திலிருந்து இரத்தம் கசிகிறது, அவளோ சிரிக்கிறாள். அவனுடைய வாசலில் ஒரு மெத்தையில் படுத்துக்கொள்ள அவளுக்கு அனுமதி கிடைக்கிறது. இரவில் எரியும் பாதங்களைக் குளிர்ந்த கடல்நீரில் நனைத்துக்கொள்ளப் படியிறங்கிப் போகிறாள். 1989 படத்தில் அவள் புதிய கால்களால் தடுமாறி நடக்கிறாள், ஆனால் அந்த வலி இல்லை.

பேச முடியாத ஒருத்தியின் வலியைக் கதை வாசகனுக்குக் காட்டுகிறது, இளவரசனுக்குக் காட்டவில்லை. வலியை நீக்கிய படத்தில் அந்த இடைவெளியும் நீங்கிவிடுகிறது. இதை நான் பிடித்துக்கொண்டது என் ஊர் எனக்குத் தந்த கண்ணால்தான். அம்மாவின் பாதத்தைச் சான்றாகக் காட்டி ஒரு வரியும் எழுத மாட்டேன். சான்று முழுவதும் கதையிலிருந்துதான் வர வேண்டும். கேள்வி எங்கிருந்து பிறந்தாலும் குற்றமில்லை. ஆவுளியாப் பத்தி நிற்காது என்பதில் மட்டும் ஐயாவோடு ஒத்துப்போகிறேன்.

மறுமொழி 3: கீழக்கரை நூலகர்

ஐயா அவர்களின் அகலிகை எடுத்துக்காட்டில் ஒரு சிறு சேர்க்கை. கல்லாகும் அகலிகை கம்பனிடம் தொடங்கவில்லை. பரிபாடலின் 19ஆம் பாடல் திருப்பரங்குன்றத்து ஓவியங்களை விவரிக்கும்போதே, கௌதமரின் சினத்தால் அவள் கல்லுருவானதைக் குறிப்பிடுகிறது. நான் இதைச் சொல்வது பிழை பிடிப்பதற்காக அன்று. "முதன்முதலில் இவர்தான் மாற்றினார்" என்ற வகையான கூற்று ஒப்பீட்டுக் கட்டுரையில் எளிதாகச் சறுக்கிவிடும் என்பதற்காகவே.

தேவதைக் கதைகளிலும் இதே நிலைதான். கிரிம் சகோதரர்களின் வெண்பனிக் கதையில், 1812ஆம் ஆண்டுப் பதிப்பில் மகளைக் கொல்ல முயல்பவள் பெற்ற தாய். 1819ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அவள் மாற்றாந்தாயாகிறாள். எந்தப் பதிப்பைப் படித்தோம் என்று சொல்லாமல் "மூலக்கதையில் மாற்றாந்தாய்" என்று எழுதினால், வாதம் அந்த இடத்திலேயே உடைந்துவிடும். ஆண்டர்சன் கதைக்கு ஆசிரியர் ஒருவரே என்பதால் உங்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. ஆனால் அவர் டேனிஷ் மொழியில் எழுதினார். நாம் மொழிபெயர்ப்பில் படிக்கிறோம். ஆகவே ஒற்றைச் சொல்லின் நயத்தின் மீது வாதத்தைக் கட்டாமல், நிகழ்ச்சி, பொருள், வரிசை ஆகியவற்றின் மீது கட்டுங்கள். நாக்கும் கால்வலியும் எந்த மொழிபெயர்ப்பிலும் மாறப்போவதில்லை.

கட்டமைப்பைப் பொறுத்தவரை, கதையை முழுவதும் பேசிவிட்டுப் பிறகு படத்திற்கு வருவதைத் தவிர்க்கச் சொல்வேன். படிப்பவர் பாதியில் முதற்பகுதியை மறந்துவிடுவார். ஒவ்வொரு பத்தியிலும் இரண்டும் அருகருகே நிற்கட்டும்.

மண்டபம் மாணவி

ஐயாவுக்கும் அக்காவுக்கும் நூலகர் அவர்களுக்கும் என் நன்றி. இரண்டு நாட்களாகக் கதையை மறுபடியும் படித்தேன். ஆவுளியாப் பத்தியை நீக்கிவிட்டேன், வருத்தமாகத்தான் இருந்தது. அக்கா எழுதிய கால்வலியையும் ஐயா சொன்ன நாக்கையும் சேர்த்துப் பார்த்தபோது, இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்பது போலத் தோன்றியது. தொடக்கப் பத்தியை இப்படி எழுதியிருக்கிறேன்:

"மூலக்கதையில் கடற்கன்னி கொடுக்கும் விலை அவளுடைய உடலிலிருந்து வெட்டி எடுக்கப்படுகிறது, 1989ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் அது ஒரு சங்கினுள் பாதுகாப்பாக அடகு வைக்கப்படுகிறது. அடகு வைத்ததை மீட்க முடியும் என்பதால் படம் இழப்பைத் தற்காலிகமானதாக மாற்றுகிறது. மீட்க முடியாது என்பதால் ஆண்டர்சன் தன் நாயகிக்குக் காதலுக்கு வெளியே வேறொரு வழியைத் தேட வேண்டியிருக்கிறது. நாக்கு, கால்வலி, ஆன்மா ஆகிய மூன்றையும் படம் கைவிட்டதை மூன்று தனித்தனி மாற்றங்களாகக் கொள்ளாமல், ஒரே முடிவின் மூன்று விளைவுகளாக இக்கட்டுரை வாசிக்கிறது."

இது வாதம் ஆகுமா?

மறுமொழி: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், இராமநாதபுரம்

ஆகும், மகளே. 'அடகு' என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதைக் கட்டுரை முழுவதும் கைவிடாமல் கொண்டுபோ. நூலகர் சொன்னதை நினைவில் வைத்து, 'மூலக்கதையில்' என்பதை மட்டும் '1837ஆம் ஆண்டுக் கதையில்' என்று மாற்றிக்கொள். கடைசி வாக்கியத்தில் 'முடிவு' என்று நீ குறிப்பது கதையின் இறுதியையா, படம் எடுத்தவர்கள் செய்த தீர்மானத்தையா என்பது தெளிவாக இல்லை. தீர்மானம்தான் என்றால் அந்தச் சொல்லையே எழுது.