டி.எஸ். காலத்தில் கைவிடப்பட்ட 'மெட்ராய்ட் ட்ரெட்'தான் 2021-இல் வெளிவந்ததா?

கேள்வி: கார்முகில்

வணக்கம். நின்டெண்டோவின் பழைய கையடக்கக் கருவியான கேம் பாய் அட்வான்ஸில் வெளிவந்த 'மெட்ராய்ட் ஃப்யூஷன்' விளையாட்டைச் சென்ற வாரம்தான் முடித்தேன். முடித்த கையோடு அடுத்த பாகத்தைத் தேடினால், 19 ஆண்டுகள் கழித்து ஸ்விட்சில் வந்த 'ட்ரெட்' என்கிறார்கள். ஆனால் அது நின்டெண்டோவின் அடுத்த கையடக்கக் கருவியான டி.எஸ்.ஸுக்காகத் தொடங்கி, பாதியில் நிறுத்திய பழைய திட்டம் என்றும், கிடப்பில் கிடந்ததைத் தூசி தட்டி வெளியிட்டுவிட்டார்கள் என்றும் ஒரு காணொளியில் கேட்டேன். இது உண்மையா? உண்மை என்றால், டி.எஸ். காலத்து வேலைக்கு முழு விலை கொடுக்கக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 'ட்ரெட்' கதையின் முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பதில்: மணல்வீடு

டி.எஸ்.ஸில் தொடங்கி நிறுத்தியது உண்மை. அதையே வெளியிட்டார்கள் என்பது உண்மையில்லை. நீங்கள் கேட்ட காணொளி இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. விரிவாகச் சொல்ல இங்கே வேறு ஆள் இருக்கிறார், வருவார்.

பதில்: விளக்கடி

கார்முகில், தயங்காமல் வாங்குங்கள். 2021-இல் வந்தது அடித்தளத்திலிருந்து புதிதாகக் கட்டிய விளையாட்டு. பழைய திட்டத்திலிருந்து வந்து சேர்ந்தவை பெயரும், இந்தத் தொடரை நெடுங்காலமாக வழிநடத்தும் யோஷியோ சகமோட்டோவின் ஓர் எண்ணமும்தான். அந்த எண்ணம் என்ன என்பது 'ஃப்யூஷன்' முடித்த உங்களுக்கு எளிதில் விளங்கும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நாயகி சாமுஸின் உருவில் வரும் எதிரியான எஸ்.ஏ.-எக்ஸ் தோன்றும் இடங்களை நினைத்துப் பாருங்கள். அதுவரை ஓடிக்கொண்டிருந்த இசை நின்றுவிடும். காலடிச் சத்தம் மட்டும் கேட்கும். சாமுஸ் உருண்டையாகச் சுருண்டு ஒடுங்கியிருக்க, அவளுடைய பழைய கவசத்தையே அணிந்த அந்த உருவம் ஒரு தளம் தள்ளி நடந்து போகும். நம் கையில் அதை எதிர்க்கும் ஆயுதம் எதுவும் இருக்காது. பார்த்துவிட்டால் பனிக்கதிரால் உறைய வைத்து அடிக்கும். மெட்ராய்ட் என்ற வேற்றுக்கோள் உயிரியின் உயிரணுக்கள் கலந்த சாமுஸின் உடலுக்குக் குளிர் ஆகாது என்று கதை முன்பே சொல்லியிருக்கும். நான் இதை விளையாடியது என் அண்ணன் வைத்திருந்த முதல் வகை கேம் பாய் அட்வான்ஸில். அதன் திரைக்குப் பின்னொளி கிடையாது. மேசை விளக்கின் கீழே சாய்த்துப் பிடித்தால்தான் இருண்ட அறைகள் கண்ணுக்குத் தெரியும். எஸ்.ஏ.-எக்ஸ் வரும்போது கருவியை அசைக்கவும் பயந்து, கழுத்தை மட்டும் வளைத்துக்கொண்டு பார்ப்பேன். ஒரு கையகலத் திரையில் அவ்வளவு அச்சத்தைக் கொண்டுவந்ததை இன்றும் பெரிய சாதனையாகவே நினைக்கிறேன்.

ஆனால் எஸ்.ஏ.-எக்ஸ் நம்மை உண்மையில் தேடுவதில்லை. குறிப்பிட்ட அறையில், குறிப்பிட்ட நேரத்தில், எழுதி வைத்தபடி வந்து போகும். இரண்டாம் முறை விளையாடினால் எங்கே நிற்கலாம், எப்போது ஓடலாம் என்பதெல்லாம் மனப்பாடமாகிவிடும். சகமோட்டோவுக்கு அடுத்த பாகத்தில் வேண்டியிருந்தது அதற்கும் மேலே ஒன்று: எளிதில் வெல்ல முடியாத எதிரி ஒன்று தானாகவே நம்மைத் தேடி வர வேண்டும், அந்தப் பதற்றம் விளையாட்டு முழுவதும் தொடர வேண்டும். டி.எஸ். கருவியில் இதைத்தான் முயன்றார்கள்.

'ட்ரெட்' என்ற பெயர் 2005-இல் ஓர் அமெரிக்க இதழின் பட்டியலில் வெளியே வந்தது. ஒரு படம்கூட அதிகாரபூர்வமாக வரவில்லை. 2007-இல் வீ கருவிக்கு வந்த 'மெட்ராய்ட் பிரைம் 3' விளையாட்டுக்குள், விண்வெளிக் கொள்ளையரின் ஆய்வுக் குறிப்பு ஒன்றைப் படித்தால், 'ட்ரெட்' என்ற மெட்ராய்ட் திட்டம் நிறைவை நெருங்குகிறது என்று எழுதியிருக்கும். ரசிகர்கள் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பல ஆண்டுகள் காத்திருந்தார்கள். பிறகு சத்தமே இல்லை. 2021 ஜூனில் விளையாட்டை அறிவித்தபோது சகமோட்டோ நடந்ததை விளக்கினார். தொடங்கினார்கள், நிறுத்தினார்கள், மறுபடியும் தொடங்கினார்கள், மறுபடியும் நிறுத்தினார்கள். மனத்தில் இருந்ததைச் செய்ய அன்றைய தொழில்நுட்பம் போதவில்லை என்பது அவர் சொன்ன காரணம்.

இதைச் சமாளிப்புப் பேச்சு என்று சிலர் ஒதுக்குகிறார்கள். 'ட்ரெட்' விளையாடியவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அதில் 'எம்மி' என்ற ஏழு இயந்திரங்கள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு. நுழைவாயிலே புள்ளி புள்ளியாகச் சிதறுவதுபோல் துடித்துக்கொண்டிருக்கும். உள்ளே கால் வைத்ததும் நிறம் வெளிறி, கீச்சென்ற தேடல் ஒலி கேட்கத் தொடங்கும். எம்மி நம் சத்தத்தைக் கேட்டு அந்த இடத்துக்கு வரும். சுவரிலும் கூரையிலும் ஊரும், உடலை மடக்கிக் குறுகிய துளைக்குள் புகும். நம்மைக் கண்டுவிட்டால் வெளிவாயில்கள் பூட்டிக்கொள்ளும். அதன் பார்வையிலிருந்து தப்பினால்தான் திறக்கும். பிடித்துவிட்டாலோ ஒரே குத்து. அந்த நேரத்திலும் தப்பிக்க இரண்டு வாய்ப்புகள் தருகிறார்கள். மின்னும் கணத்தில் சரியாகப் பொத்தானை அழுத்த வேண்டும், அந்தக் கணமோ ஒவ்வொரு முறையும் மாறும். மறைப்புத் திரை போட்டுக்கொண்டு அசையாமல் நிற்கலாம்தான். ஆனால் அதற்கான ஆற்றல் தீர்ந்ததும் அது நம் உயிரைக் கரைக்கத் தொடங்கும்.

இத்தனையும் விநாடிக்கு 60 படச்சட்டங்கள் (ஃப்ரேம்கள்) என்ற ஓட்டத்தில், வெட்டில்லாமல் நடக்கிறது. தன் போக்கில் வழி தேடும் எதிரி, எந்த இடுக்குக்கும் ஏற்ப வளையும் அதன் உடல், கண நேரத்தில் பதில் சொல்லும் கட்டுப்பாடு ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேராவிட்டால் அந்த அச்சம் வராது. மூன்றில் ஒன்று தடுமாறினாலும் பயத்துக்குப் பதில் எரிச்சல்தான் வரும். டி.எஸ்.ஸில் இதை வெளியிட்டிருந்தால் எஸ்.ஏ.-எக்ஸின் இன்னொரு நகல்தான் நமக்குக் கிடைத்திருக்கும் என்பது என் கணிப்பு. நிறுத்தியது சரி என்றே நினைக்கிறேன். அரைகுறையாக வெளியிட்டிருந்தால் இந்த எண்ணம் அத்தோடு செலவழிந்து போயிருக்கும்.

தொழில்நுட்பம் மட்டும் போதாது, ஆட்களும் வேண்டும் அல்லவா? ஸ்பெயினில் மாட்ரிட் பக்கத்தில் இருக்கும் மெர்குரிஸ்டீம் நிறுவனம் 'ஃப்யூஷன்' விளையாட்டை மறுஆக்கம் செய்ய விரும்பி நின்டெண்டோவை அணுகியது. சகமோட்டோ அவர்களிடம் 1991-இல் வந்த இரண்டாம் பாகத்தைக் கொடுத்தார். அது 2017-இல் 3டி.எஸ். கருவியில் 'சாமுஸ் ரிட்டர்ன்ஸ்' ஆக வந்தது. பாய்ந்து வரும் எதிரியைத் தட்டித் திருப்பும் எதிரடி அதில்தான் அறிமுகமானது. அதில் நின்ற இடத்தில் செய்ய வேண்டியிருந்ததை 'ட்ரெட்'டில் ஓடிக்கொண்டே செய்யலாம். அந்த வேலையைப் பார்த்த பிறகுதான், இந்தக் குழுவால் முடியும் என்று சகமோட்டோ பழைய எண்ணத்தை மீண்டும் எடுத்தார்.

2021 அக்டோபர் 8 அன்று வெளிவந்து, 2022 மார்ச் மாதத்துக்குள் சுமார் 29 லட்சம் பிரதிகள் விற்றது. 2021-ஆம் ஆண்டின் கேம் அவார்ட்ஸ் விழாவில் சிறந்த அதிரடி-சாகச விளையாட்டுக்கான விருதும் பெற்றது. விற்பனையைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. மெட்ராய்டை எல்லோரும் புகழ்வார்கள், வாங்குபவர்கள் குறைவு என்பது இந்தத் தொடர் மீது நெடுங்காலமாக இருந்த பேச்சு. இருபரிமாண விளையாட்டு ஒன்று அதை மாற்றியதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

பதில்: தொல்லியன்

விளக்கடி சொன்னதில் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடு. ஆனால் "நிறுத்தியது சரி" என்பதோடு நிற்க முடியவில்லை. இரண்டு முறை ஒரு குழு உட்கார்ந்து உழைத்திருக்கிறது. அந்த உழைப்பின் ஓர் ஓவியம், ஒரு வரைபடம்கூட இன்றுவரை நம் கண்ணில் படவில்லை. விற்பனைக்கு வேண்டாம், ஆவணமாகவாவது காட்டலாமே? வேறு நிறுவனங்கள் இதைச் செய்திருக்கின்றன. 'ஷான்டே' என்ற விளையாட்டின் கேம் பாய் அட்வான்ஸ் தொடர்ச்சி பதிப்பாளர் கிடைக்காமல் 2004 வாக்கில் நின்றுபோனது. வேஃபார்வேர்ட் நிறுவனம் அதே பழைய வேலையை எடுத்து, முடித்து, 2025-இல் கேம் பாய் அட்வான்ஸ் கேட்ரிட்ஜாகவே வெளியிட்டது. தொடங்கியதைத் தொடங்கிய கருவியிலேயே முடித்தார்கள்! எனக்கு மறுபிறப்பு என்றால் அதுதான்.

பதில்: நடுப்பக்கம்

உழைப்பு என்ற பேச்சு வந்ததால் இதையும் சொல்ல வேண்டும். 'ட்ரெட்' வெளிவந்த சில நாள்களிலேயே, அதில் வேலை செய்த முன்னாள் ஊழியர்கள் சிலர் தங்கள் பெயர் நன்றிப் பட்டியலில் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். மொத்தத் தயாரிப்புக் காலத்தில் 25 விழுக்காடாவது பணியாற்றியவர்களின் பெயரையே சேர்ப்பது தங்கள் விதி என்று மெர்குரிஸ்டீம் விளக்கம் தந்தது. பல மாதங்கள் உழைத்தவருக்கு ஒரு வரி இடம் தராத விதி எனக்கு நியாயமாகப் படவில்லை. நல்ல விளையாட்டுதான், நானும் ரசித்தேன். ஆனால் அந்தப் பெயர்கள் இருந்திருக்க வேண்டும்.

பதில்: விளக்கடி

நடுப்பக்கம், முழுக்க உடன்படுகிறேன். இரண்டு மாதம் வேலை செய்தவரின் பெயரைப் போட்டாலும் பட்டியல் சற்று நீளும், அவ்வளவுதான். வேலை தேடும் இளைஞருக்கு அந்த ஒரு வரி எத்தனை கதவுகளைத் திறக்கும்!

தொல்லியன், டி.எஸ். காலத்து வேலையைக் காட்ட வேண்டும் என்பதில் உங்கள் பக்கம்தான் நான். அதைப் பார்க்க எனக்கும் ஆசை. ஆனால் 'ஷான்டே'யோடு ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். அது நின்றது பணமும் பதிப்பாளரும் இல்லாததால். விளையாட்டின் வடிவம் தெளிவாக இருந்தது, செய்து முடிக்க ஆள்தான் தேவைப்பட்டது. எனவே விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது. 'ட்ரெட்' நின்றதோ மையமான எண்ணமே அந்தக் கருவியில் உயிர் பெறாததால். அங்கே தொடர்வதற்கு விட்ட இடம் என்று ஒன்று இல்லை. இரண்டையும் மறுபிறப்பு என்கிறோம், நடந்தவை வேறு வேறு. முன்னதில் 2004-இன் கைவண்ணத்தையே பார்க்கிறோம், அந்த அருமை அதற்கு உண்டு.

பதில்: கார்முகில்

இவ்வளவு விரிவாக எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. எழுதி வைத்தபடிதான் எஸ்.ஏ.-எக்ஸ் வருகிறது என்பதை இப்போது யோசித்தால் புரிகிறது. விளையாடும்போது எனக்கு அது தோன்றவே இல்லை. வாங்க முடிவு செய்துவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். 'சாமுஸ் ரிட்டர்ன்ஸ்' விளையாடாமல் நேராக 'ட்ரெட்' போனால் கதை புரியுமா? மிகக் கடினம் என்கிறார்களே, 'ஃப்யூஷன்' முடித்தவரால் சமாளிக்க முடியுமா?

பதில்: விளக்கடி

கதை புரியும். தொடக்கத்திலேயே மெட்ராய்ட், எக்ஸ் ஒட்டுண்ணி இரண்டையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். 'ஃப்யூஷன்' முடித்தவருக்கு அதுவே போதும். 'சாமுஸ் ரிட்டர்ன்ஸ்' இல்லாமல் போனால் இழப்பது பெரிதாக ஒன்றுமில்லை. அதில் ரகசியங்களை எல்லாம் சேர்த்தால் திறக்கும், சோசோ என்ற பழம்பெரும் பறவை இனத்தின் ஓவியங்களில் கடைசி ஒன்று 'ட்ரெட்'டின் எதிரிக்கு முன்குறிப்பு, அவ்வளவே. 3டி.எஸ். இணையக் கடை 2023 மார்ச்சில் மூடப்பட்டதால் அதை வாங்க வேண்டுமானால் பழைய கேட்ரிட்ஜைத்தான் தேட வேண்டும். கிடைத்தால் பின்னால் விளையாடிக்கொள்ளுங்கள்.

கடினம்தான், ஆனால் நேர்மையான கடினம். எம்மியிடம் சிக்கினால் பெரும்பாலும் எல்லை வாயிலுக்கு வெளியே மீண்டும் தொடங்கலாம், பெரிய இழப்பு இருக்காது. 2022 பிப்ரவரியில் இலவசமாக வந்த புதுப்பிப்பில் எளிய நிலை ஒன்றும் சேர்த்தார்கள். ஆனாலும் முதலில் சாதாரண நிலையில் முயலுங்கள், உங்களால் முடியும். முதலில் எதிர்ப்படும் எம்மி பழுதடைந்தது. அதை வீழ்த்திவிட்டு இவ்வளவுதானா என்று எண்ணிவிட வேண்டாம். அடுத்தது முழு உடலோடு வரும். ஹெட்போன் போட்டுக்கொண்டு விளையாடுங்கள். அது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பல நேரம் காதுதான் முதலில் சொல்லும்.