பெட்டி வராத வெள்ளிக்கிழமை

ராமேஸ்வரத்தில் நாங்கள் குடியிருந்த காலத்தில் அப்பா தியேட்டர் ஆபரேட்டராக இருந்தார். ராத்திரிச் சாப்பாட்டைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு படியேறி அவர் அறைக்குப் போவது என் வேலை. சிறுவயதில் நான் பார்த்த படங்களில் பாதியை அந்த அறைச் சுவரில் இருந்த சின்னச் சதுர ஓட்டை வழியாகத்தான் பார்த்தேன்.

உள்ளே வெக்கை தாங்காது. இரண்டு புரொஜெக்டர்கள். ஒவ்வொன்றின் விளக்குக் கூண்டுக்குள்ளும் இரண்டு கார்பன் குச்சிகள் முனைக்கு முனை நெருங்கி நின்று எரியும். அந்த வெளிச்சம்தான் திரையில் படமாக விழும். எரிய எரியக் குச்சி தேயும். இடைவெளி கூடினால் படம் மங்கும். உடனே கீழேயிருந்து விசில் பறக்கும். அதனால் அப்பாவின் கண் அந்தக் கூண்டின் கறுப்புக் கண்ணாடியை விட்டு அகலாது. 2,000 அடி ரீல் ஒன்று ஏறக்குறைய 20 நிமிடம் ஓடும். முடியப் போகும் நேரத்தில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னி மறையும். அதைக் கண்டதும் அடுத்த புரொஜெக்டரை ஓடவிட வேண்டும். சில நொடிகளில் இரண்டாவது புள்ளி. உடனே மாற்றிவிட வேண்டும். ஒரே படத்தை நாற்பது ஐம்பது தடவை ஓட்டியவரிடம் கதை கேட்டால் பாதிதான் தெரியும். எந்த ரீலில் எங்கே ஒட்டு இருக்கிறது என்பது மட்டும் மனப்பாடம்.

எரிந்து மிஞ்சிய கார்பன் கட்டைகளை எனக்குத் தருவார். மேலே செம்பு பூசியிருக்கும். எங்கள் தெருவில் பாண்டி ஆட அந்தக் கட்டையால்தான் கட்டம் போடுவோம்.

1988-ல் சாலைப் பாலம் திறக்கும்வரை படப்பெட்டியும் ரயிலில்தான் தீவுக்குள் வந்தது. சினிமாக்காரர்கள் மதுரையையும் ராமநாதபுரத்தையும் சேர்த்து எம்.ஆர். ஏரியா என்பார்கள். அந்த ஏரியாவின் கடைக்கோடி நாங்கள். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் அன்றைய பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை விடமாட்டார்கள். நான் ஏழாம் வகுப்பு படித்தபோது, கார்த்திகை மாத வெள்ளிக்கிழமை ஒன்றில் அப்படித்தான் ரயில் அக்கரையில் மண்டபம் ஸ்டேஷனிலேயே நின்றுவிட்டது. ஊரெல்லாம் புதுப்பட போஸ்டர். வாசலில் கூட்டம். படகும் போகாத நாள், வேறு எங்கே போவார்கள்? பழைய பெட்டியைத் திருப்பி அனுப்பவும் ரயில் இல்லாததால் அது அறையிலேயே கிடந்தது. அப்பா அதையே ஓட்டினார். கூரை தடதடவென்று அடித்துக்கொண்டதில் வசனம் பாதி கேட்கவில்லை. ஒருவரும் எழுந்து போகவில்லை. போன வாரம் அழுத இடத்தில் பெண்கள் மறுபடியும் அழுதார்கள். நான் ஓட்டை வழியாகத் திரையைப் பார்க்காமல் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டி.வி. வந்துதான் தியேட்டர் படுத்தது என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். இலங்கையில் 1982-ல் ரூபவாகினி தொடங்கிய பிறகு எங்கள் பக்கத்து ஆன்டெனாக்கள் கடலைப் பார்த்துத் திரும்பின, உண்மைதான். அப்போதும் சனம் தியேட்டருக்கு வந்தது. வாடகைக்கு வீடியோ டெக் எடுத்து ஒரு தெருவே ஒரு வீட்டில் உட்கார்ந்து விடிய விடியப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் அப்பா காலி பெஞ்சுகளுக்குப் படம் ஓட்டினார்.

* * *

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் மண்டபத்துக்காரன். காற்றில் ரயில் நிற்கும் நாள்களில் பயணிகளுக்குக் குடத்தில் தண்ணீர் கொண்டுபோவோம். ஸ்டேஷனில் தகரப் படப்பெட்டியைக் கண்டால் பையன்களெல்லாம் ஓடிப்போய்த் தொட்டுப் பார்ப்போம். உங்கள் அப்பா காத்திருந்த பெட்டியும் அதில் ஒன்றாக இருந்திருக்கலாம் என்று நினைக்கும்போது மனம் என்னவோ செய்கிறது.

எங்களுக்குக் கிடைத்தது டூரிங் கொட்டகைதான். தரை டிக்கெட் வாங்கி, மணலைக் குவித்து உயரமாக்கி உட்காருவோம். பின்னால் இருப்பவர் மண்டையில் தட்டிக் கலைத்துவிடுவார். வாடைக்காற்றுக் காலத்தில் திரை பாய்மரம் போல உப்பிவிடும். நாயகியின் முகம் ஒரு பக்கம் வீங்கும், ஒரு பக்கம் சுருங்கும். உடனே படத்தை நிறுத்திவிட்டு, கயிறு இழுத்துக் கட்ட ஆள் கேட்பார்கள். முன்வரிசையில் இருந்ததெல்லாம் படகுக்காரர்கள். அவர்களுக்குக் கயிறு கட்டச் சொல்லித் தரவா வேண்டும்?