அரை மாரத்தானில் குப்பையைத் தரம் பிரிப்பது எப்படி?

கேள்வி: 2,000 பேர் ஓடும் அரை மாரத்தான். 8 தண்ணீர் மேசைகள், 200 மி.லி. பேப்பர் கப். முடியும் இடத்தில் ஆளுக்கொரு பெட் பாட்டிலும் சாப்பாடும் உண்டு. எத்தனை தொட்டி வேண்டும், எங்கே வைக்க வேண்டும்? எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளி வந்து பிறகு பிரித்தால் போதாதா?

மறுமொழி 1: பிறகு பிரிப்பது நடக்காது. குழம்பு பட்ட காகிதத்தை யாரும் எடுக்க மாட்டார்கள். போடும் இடத்திலேயே பிரிய வேண்டும்.

முதலில் கணக்கு. ஒருவர் மேசைக்குச் சராசரியாக ஒன்றரை கப் எடுத்தால் ஒரு மேசையில் 3,000 கப். நசுக்காத கப் தொட்டியில் 300 மி.லி.க்குக் குறையாமல் இடம் பிடிக்கும். ஆக 900 லிட்டர், அதாவது 120 லிட்டர் தொட்டி எட்டு. தொட்டிகளை மேசையை ஒட்டி வைத்தால் காலியாகத்தான் கிடக்கும். ஓடுபவர் கப்பை வாங்கி, நாலு வாய் குடித்துவிட்டுத்தான் எறிவார். மேசை முடிந்து 30 மீட்டரில் தொடங்கி 150 மீட்டர் வரை, மேசை இருக்கும் பக்கமே வரிசையாக வையுங்கள். மூடி வேண்டாம். "இதுவே கடைசித் தொட்டி" என்ற பலகை கடைசித் தொட்டிக்கு 20 மீட்டர் முன்பே கண்ணில் பட வேண்டும்.

முடியும் இடத்தில் தனித் தொட்டி ஒன்றுகூட இருக்கக் கூடாது. உணவு, பாட்டில், மற்றவை என மூன்றும் சேர்ந்தே நிற்கட்டும். தனியாக ஒன்று நின்றால் எல்லாம் அதில்தான் விழும். பாட்டில் தொட்டி மூடியில் 10 செ.மீ. வட்டத் துளை போதும். சாப்பாட்டுத் தட்டு நுழையாது. பக்கத்தில் மிச்சத் தண்ணீர் கொட்ட ஒரு வாளி கட்டாயம். கால் லிட்டர் மிச்சமுள்ள 40 பாட்டில் சேர்ந்தால் 10 கிலோ தண்ணீர். தூக்கும்போது பை அடியில் கிழியும்.

மறுமொழி 2: கப்பைப் பற்றி ஒன்று. பேப்பர் கப்பின் உள்ளே பாலிஎத்திலீன் பூச்சு இருக்கிறது. சாதாரணக் காகித ஆலை இதை எடுக்காது, உரக்குழியிலும் பூச்சு அப்படியே கிடக்கும். கப் வாங்கும் முன்பே, அதை எடுத்துக்கொள்ள ஆள் இருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள்.

"மக்கும் பிளாஸ்டிக்" என்று விற்கும் பிஎல்ஏ கப்புகளும் வேண்டாம். ஏறத்தாழ 60 டிகிரி சூட்டைத் தக்கவைக்கும் பெரிய உரக்கூடத்தில்தான் அவை ஒழுங்காக மக்கும். பார்க்க பெட் மாதிரியே இருப்பதால் பாட்டிலோடு கலந்துவிடும். இரண்டும் தண்ணீரில் மூழ்குபவை, மிதக்கவிட்டுப் பிரிக்க வழியில்லை. பெட் உருகும் சூட்டில் பிஎல்ஏ சிதைந்து, மொத்தத்தையும் மஞ்சளாக்கிக் கெடுத்துவிடும்.

கேள்வி கேட்டவர்: அப்படியானால் கழுவிப் பயன்படுத்தும் கப்?

மறுமொழி 1: முடியும் இடத்தில் நிச்சயம் வையுங்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு கொடுத்தால் கப் திரும்பி வரும். ஓடுபாதையில் சிரமம், ஓடுபவர்களே மடக்குக் கப் கொண்டுவந்தால்தான் சரிப்படும். அதற்குக் குழாய் பொருத்திய பெரிய கேன்கள் தேவை, ஒரே குழாய் என்றால் வரிசை நின்றுவிடும். மேசைக்கு ஆறு குழாயாவது வேண்டும்.

மறுமொழி 3: ஓடும்போதே உறிஞ்சிக்கொள்ளும் சத்து ஜெல்லின் உறையை மறந்துவிட்டீர்கள். பல அடுக்கு உறை, மறுசுழற்சிக்கு ஆகாது. கிழித்த நுனி தனியாகப் பறந்து வடிகாலில் போய்ச் சேரும். நுனி உறையோடு ஒட்டியே நிற்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். பாதையைக் கூட்டும் குழு கடைசி ஓட்டக்காரருக்குப் பின்னாலேயே போகட்டும். ஒரு மணி நேரம் தாமதித்தாலும் காற்று பாதியைக் கொண்டுபோய்விடும்.