பிள்ளையைப் பார்க்கத் தகப்பன் எந்த நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்?

கொட்டகலைத் தகப்பன்:
வணக்கம். ஹட்டன் நகரில் கடையொன்றில் கணக்கு எழுதுகிறேன். மனைவியும் நானும் பிரிந்து வாழ்கிறோம். அவர் கட்டுநாயக்கவில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்வதால், ஏழு வயது மகள் பண்டாரவளைப் பக்கம் தோட்டமொன்றில் அம்மாயியிடம் வளர்கிறாள். நீதவான் நீதிமன்றம் கட்டளையிட்ட தாபரிப்புப் பணத்தைத் தவறாமல் கட்டி வருகிறேன். ஆனால் பிள்ளையைப் பார்க்கப் போனால் காய்ச்சல், டியூஷன், கோயில் திருவிழா என்று ஏதாவது காரணம் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். தீபாவளிக்குக் கொண்டுபோன சட்டையை வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள். பிள்ளை உள்ளே இருமிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. தவணையன்று இதைச் சொன்னபோது, அந்த வழக்கில் தீர்க்கக்கூடிய விடயமல்ல என்றார்கள். பணத்தை நிறுத்தினால் வழிக்கு வருவார்கள் என்கிறார்கள் நண்பர்கள். பாடசாலை வாசலில் போய் நில் என்கிறார் அண்ணன். இரண்டிலும் எனக்கு மனமில்லை. விவாகரத்து வழக்கு இன்னும் போடவில்லை. சிங்களம் பேசுவேன், மனு வாசிக்கத் தெரியாது. நான் எங்கே போக வேண்டும்?

சட்டத்தரணி அலுவலக எழுதுவினைஞர், நுவரெலியா:
பணத்தை நிறுத்தவே வேண்டாம். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்படி அது பிள்ளைக்குச் சேர வேண்டியது. உங்களைப் பார்க்க விடாததற்குப் பதிலாகப் பிடித்துவைக்கக்கூடியது அல்ல. நிறுத்தினால், நாளைக்கு நீங்கள் கேட்கப்போகும் கட்டளைக்கு எதிராக அதையே முதலில் காட்டுவார்கள். பற்றுச்சீட்டுகளை ஒழுங்காகக் கோவைப்படுத்தி வையுங்கள்.

பிள்ளையின் பாதுகாவலும் சந்திக்கும் உரிமையும் மாவட்ட நீதிமன்றத்துக்குரியவை. குடும்ப நீதிமன்ற நியாயாதிக்கத்தை அதுவே செலுத்துகிறது. இதற்காக விவாகரத்து வழக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றில்லை. பிள்ளை இருக்கும் இடத்துக்குரிய நீதிமன்றத்தை நாடுவதே வழக்கம் என்பதால், உங்களுக்குப் பண்டாரவளைதான். தாய் பக்கத்தில் இல்லையே என்று முழுப் பாதுகாவலையும் கேட்டுவிடாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். பிள்ளையின் நலனே முதன்மையானது என்ற அடிப்படையில் பார்க்கும் நீதிபதி, பழகிய வீட்டிலிருந்தும் பாடசாலையிலிருந்தும் ஏழு வயதுப் பிள்ளையை ஏன் பெயர்க்க வேண்டும் என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு உங்களிடம் இப்போது பதில் இல்லை.

இடைக்காலக் கட்டளையொன்றைக் கேளுங்கள். ஆனால் அது துல்லியமாக இருக்க வேண்டும். ‘நியாயமான நேரங்களில் பார்க்கலாம்’ என்று மட்டும் எழுதிய கட்டளையோடு வந்து, எது நியாயமான நேரம் என்று வாசலில் நின்று வாதாடிய தகப்பன்மாரைப் பார்த்திருக்கிறேன். மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமை, காலை 10 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை, பிள்ளையை ஒப்படைக்கும் இடம், ஒப்படைப்பவர் யார், பிள்ளைக்குச் சுகமில்லாவிட்டால் எந்த நாளில் ஈடு செய்வது என்று ஒவ்வொன்றும் எழுத்தில் வர வேண்டும். மீறினால் நீதிமன்றத்துக்குக் காட்ட உங்களிடம் ஏதாவது இருக்கும்.

மொழியைப் பற்றிக் கவலை வேண்டாம். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையின்படி மனுவைத் தமிழிலேயே தாக்கல் செய்யவும், மொழிபெயர்ப்பைக் கேட்டுப் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. மொழிபெயர்ப்பாளர் இல்லையென்று தவணை தள்ளிப்போவது வேறு கதை. சட்டத்தரணிக்கு வசதியில்லாவிட்டால், வருமான விபரத்தோடு சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையமொன்றுக்குப் போங்கள்.

ஹப்புத்தளைத் தாய்:
என் மகனை அவனுடைய தகப்பனிடம் அனுப்பிவைக்கும் தாயாக எழுதுகிறேன், தம்பி. அந்த அம்மாயியை எதிரியாக நினைக்காதீர்கள். மகள் தூரத்தில் உழைக்கும்போது, பேத்தி திரும்பி வராவிட்டால் நான் என்ன பதில் சொல்வது என்ற பயம்தான் பல வீடுகளில் காய்ச்சலாகவும் டியூஷனாகவும் வெளிவருகிறது. ஆகவே எடுத்த எடுப்பிலேயே ஹட்டனுக்குக் கூட்டிப்போகக் கேட்காமல், முதல் சில மாதம் பண்டாரவளையிலேயே சந்தித்துவிட்டுச் சொன்ன நேரத்துக்குக் கொண்டுபோய் விடுங்கள். பிள்ளையிடம் தாயைப் பற்றி ஒரு வார்த்தையும் விசாரிக்காதீர்கள். என் மகன் அப்படி விசாரிக்கப்பட்ட நாட்களில் வீட்டுக்கு வந்து சாப்பிடமாட்டான்.

ஓய்வுபெற்ற சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர்:
வழக்குக்கு முன்பு, பிள்ளை வசிக்கும் பிரதேசச் செயலகத்தில் என் பதவியில் இப்போது இருப்பவரைச் சந்தியுங்கள். இரு தரப்பையும் அழைத்துப் பேசி ஓர் இணக்கத்துக்குக் கொண்டுவர அவரால் முடியும். அது நீதிமன்றக் கட்டளைக்கு ஈடாகாது என்றாலும், நீங்கள் முறையாக முயன்றீர்கள் என்பதற்குப் பதிவாக இருக்கும். நீதிமன்றம் நன்னடத்தை அதிகாரியிடம் அறிக்கை கேட்டால், அவர் உங்கள் வீட்டுக்கும் வருவார். லயத்துக் காம்பிரா சிறியது என்பதற்காக யாரும் உங்களை ஒதுக்கிவிடுவதில்லை. பிள்ளை எங்கே படுக்கும், நீங்கள் வேலைக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார், வீட்டில் குடிப்பவர் உண்டா என்பவற்றைத்தான் நாங்கள் எழுதுவோம். பாடசாலை வாசலுக்கு மட்டும் போகாதீர்கள். அதிபர் முறைப்பாடு செய்தால் அதுவும் அறிக்கையில் ஏறும்.

கொட்டகலைத் தகப்பன்:
மூவருக்கும் நன்றி. முதலில் பிரதேசச் செயலகத்துக்குப் போகிறேன். ஒன்று மட்டும்: பிள்ளையை ஒப்படைக்கும்போது என் அக்கா கூட வரலாமா?

சட்டத்தரணி அலுவலக எழுதுவினைஞர், நுவரெலியா:
வரலாம், நல்லதும்கூட. அவருடைய பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் மனுவிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.