எட்டு பேரிங், நாலு சென்சார்: எங்கே மாட்டுவது?

கப்பலூர் ஃபிட்டர்:
கப்பலூர் பக்கம் ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். ஒரே மாதிரி இரண்டு ரிட்டர்ன் ஏர் ஃபேன், ஹாலின் காற்றைத் திரும்ப இழுப்பவை. ஒவ்வொன்றுக்கும் 30 எச்பி மோட்டார், 1440 ஆர்பிஎம், வி பெல்ட் டிரைவ், ஃபேன் ஷாஃப்டில் இரண்டு பிளம்மர் பிளாக், அதாவது பேரிங்கைத் தாங்கும் இரும்புக் கூடு. மோட்டாருக்குள் இரண்டு பேரிங்கையும் சேர்த்தால் ஆக மொத்தம் எட்டு பேரிங். கையில் கொடுத்திருப்பது நாலு வைப்ரேஷன் சென்சார், காந்தத்தில் ஒட்டிக்கொள்கிற வகை.

போன வருஷம் ஒரு ஆள் வந்து, கைக்கு எட்டிய இடம் என்று மோட்டாரின் பின்பக்கத் தகர மூடியில் ஒன்று, ஃபேனின் தகட்டு உடம்பில் ஒன்று மாட்டிவிட்டுப் போனார். தினமும் சிவப்பு. முதல் வாரம் விழுந்தடித்து ஓடினோம், இரண்டாம் வாரம் அலாரத்தை அமுக்கிவிட்டோம். மூன்றாம் வாரம் நைட் ஷிப்டில் புல்லி பக்கத்து பேரிங் ஜாம். அன்றைக்கும் அதே வழக்கமான சிவப்புதான். இந்தத் தடவை எங்கே வைக்கலாம்?

பழைய ஸ்பேனர்:
தம்பி, சென்சார் வருவதற்கு முன்னால் பேரிங் சத்தத்தை எப்படிக் கேட்டீர்கள்? நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை பேரிங் ஹவுசிங்கில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துத்தானே? தகர மூடியில் யாராவது ஊன்றுவார்களா? ஸ்க்ரூடிரைவர் போகும் இடம்தான் சென்சாருக்கும் இடம். தகடு தன்பாட்டுக்கு அதிரும், அதற்கும் பேரிங்குக்கும் சம்பந்தமில்லை.

பிளம்மர் பிளாக்கில் மேல் மூடியை விட்டுவிடுங்கள். கீழ்ப் பாதியில், பெல்ட் இழுக்கும் திசைக்கு நேராகப் பக்கவாட்டில் வையுங்கள். பெல்ட் ஷாஃப்டை மோட்டார் பக்கம் இழுக்கிறது, பளு விழுவது அங்கேதான். பெல்ட்டை மூடியிருக்கும் கார்டு இடித்தால் நேர் எதிர்ப்பக்கம் வைக்கலாம், கோடு ஒன்றுதான்.

வாடிப்பட்டி மில்:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் எட்டில் எந்த நாலு என்பதற்கு பதில் வரவில்லையே. என் கணக்கு: ஒவ்வொரு ஃபேனுக்கும் இரண்டு, அதில் மோட்டாரின் புல்லி பக்கம் ஒன்று, புல்லி பக்க பிளம்மர் பிளாக் ஒன்று. புல்லிகளின் அலைன்மென்ட் போனாலும் பெல்ட் டைட் அதிகமானாலும் இந்த இரண்டிலும் தெரிந்துவிடும்.

அப்புறம், பெயின்ட் மேல் காந்தத்தை ஒட்டாதீர்கள். உளி வைத்துச் சுரண்டி, வெள்ளை இரும்பு தெரிய வேண்டும். ஹவுசிங் வளைவாக இருந்தால் தட்டையான பேட் ஒன்றைப் பிசின் போட்டு ஒட்டி, அதன் மேல் வையுங்கள். பேரிங் கெட ஆரம்பிக்கும்போது வருவது கிலோஹெர்ட்ஸ் கணக்கில் கீச்சுச் சத்தம், ஆடுகிற காந்தத்தில் அது ஏறாது. முடிந்தால் துளை போட்டு, ஸ்டட் என்கிற மரை ஆணியில் மாட்டுவதுதான் உத்தமம்.

பழைய ஸ்பேனர்:
மோட்டாருக்கு எதற்கு ஒரு சென்சார்? ஸ்பேர் மோட்டார் இருந்தால் ஒரு ஷிப்டுக்குள் மாற்றிவிடலாம். இம்பெல்லர், அதுதான் பிளேடு சக்கரம், இரண்டு பேரிங்குக்கு நடுவில் இருக்கிறதா, வெளியே தொங்குகிறதா? தொங்கினால் அதன் பக்கத்து பேரிங்தான் இம்பெல்லர் பாரம் முழுக்கச் சுமக்கும். பஞ்சுத் தூசி ஒரு பிளேடில் மட்டும் அப்பிக்கொண்டால் சுற்றுக்கு ஒரு தடவை உதறுமே, அது முதலில் தெரிவதும் அங்கேதான். எதற்கும் பிரேக்டவுன் ரிஜிஸ்டரை எடுத்து, எந்த பேரிங்கை எத்தனை தடவை மாற்றினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

கப்பலூர் ஃபிட்டர்:
எண்ணிப் பார்த்தேன் அண்ணே. மூன்று வருஷத்தில் மாற்றியது பத்து. புல்லி பக்க பிளம்மர் பிளாக் ஆறு, இம்பெல்லர் பக்கம் மூன்று, மோட்டார் ஒன்றே ஒன்று. இம்பெல்லர் வெளியே தொங்குகிற டைப்தான். அதனால் நாலும் பிளம்மர் பிளாக்குகளுக்கே. மோட்டாருக்கு வாரம் ஒரு தடவை ஸ்க்ரூடிரைவர்.

நேற்று ஒன்றைச் சுரண்டி மாட்டினேன். பழைய தகட்டில் செகண்டுக்கு 9 மில்லிமீட்டர் அதிர்வு காட்டிய ஃபேன், ஹவுசிங்கில் 2.6 காட்டுகிறது. சூட்டுக்கும் அலாரம் வைக்கச் சொல்கிறார்கள். சித்திரை வெயிலில் எங்கள் ஃபேன் ரூமே 40 டிகிரி தாண்டும். எவ்வளவு வைக்க?

வாடிப்பட்டி மில்:
ஒரே எண்ணாக வைக்காதீர்கள், மார்கழியில் தூங்கும், சித்திரையில் கத்தும். ரூம் சூட்டைவிட எவ்வளவு கூட என்று வையுங்கள். ஒரு மாதம் ஓடவிட்டு, வழக்கமான வித்தியாசம் எவ்வளவு என்று பார்த்த பிறகு.

கப்பலூர் ஃபிட்டர்:
சரி. மீதி மூன்றை ஞாயிற்றுக்கிழமை ஷட்டவுனில் மாட்டிவிடுகிறேன்.