ஊர்க்கட்டுப்பாட்டுக்கு இவ்வளவு மதிப்பா?

கோவைக்காரன்: வேலைக்காக ராமேஸ்வரம் வந்திருக்கிறேன். விசைப்படகு திங்கள், புதன், சனி மட்டும் போகிறது, மற்ற நாட்களில் நாட்டுப்படகு. கடலில் யார் காவல் நிற்கிறார்கள், எப்படி எல்லோரும் கேட்டு நடக்கிறார்கள்?

பாம்பன் தம்பி: கடலுக்குப் போக மீன்வளத் துறை அனுமதி டோக்கன் கொடுப்பது உண்மைதான் அண்ணே, ஆனால் ஒரே நாளில் இரண்டும் போனால் விசைப்படகின் இழுவலையில் சிக்கி நாட்டுப்படகு வலை அறுந்துபோகும், அதில் வந்த சண்டைகள் கொஞ்சமா? அதிகாரியை ஏமாற்றலாம், கரையில் நிற்கும் மச்சானை ஏமாற்ற முடியாது. நடுக்கடலில் எஞ்சின் நின்றால் கயிறு போட்டு இழுக்க அவன்தான் வரணும்.

கரைவலை: சும்மா பெருமை பேசாதீர்கள். கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று 1983 சட்டமே இருக்கிறது. மீறுவதும் நம் ஆட்கள்தானே? இறால் கண்ணில் பட்டால் மச்சான் முகம் மறந்துவிடும்.

பாசிக்காரி: பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலம் பெண்களைப் பாருங்கள். கடல்பாசி எடுக்க மாதம் 12 நாள்தான் என்று தாங்களே முடிவு செய்து, இரும்புக் கருவி இல்லாமல் கையால் பறிக்கிறார்கள். அடியோடு பிய்த்தால் அடுத்த முறை அவர்களுக்கே பாசி இருக்காது. சரி, எந்தப் பெண் யாரோடு பேசினாள் என்று பார்ப்பதும் இதே ஊர்க்கண்தான். அதை ஏன் ஒருத்தரும் எழுதவில்லை?