கஞ்சிராவில் மூன்றாம் காலம் வரவில்லை

கேள்வி:
ஆறு வருடம் மிருதங்கம் வாசித்துவிட்டு, போன தை மாதத்திலிருந்து கஞ்சிரா (ஒரு கையில் பிடித்து மறு கையால் தட்டுகிற சின்னத் தோல் வாத்தியம்) பழகுகிறேன். இரண்டாம் காலம், அதாவது இரட்டை வேகம் வரை சரி. நாலு மடங்கு வேகமான மூன்றாம் காலத்தில் 'தரிகிடதக' என்கிற தாளச் சொல் வந்தாலே மணிக்கட்டு இறுகி, முழங்கை வரை வலிக்கிறது. இரண்டு கைக்குப் பழகிய சொல்லை ஒரு கையில் எப்படிக் கொண்டுவருவது? பாடத்தில் இல்லாத உத்தியானாலும் சொல்லுங்கள்.

பதில்:
தம்பி, வலி வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். விரல்களைச் சேர்த்து வைத்து முழுக்கையால் அடிக்கிறீர்கள் போலிருக்கிறது. அந்த ஒரு கையை இரண்டாகப் பிரியுங்கள். சுட்டுவிரல் ஒரு கை. மற்ற மூன்று விரலும் சேர்ந்து இன்னொரு கை. பூட்டில் சாவியைத் திருப்புவது போல மணிக்கட்டு உருள, இரண்டும் மாறி மாறித் தோலில் விழும். தூக்கி அடிக்கிற வேலையே கிடையாது. கஞ்சிரா வித்வான் ஹரிசங்கர் (1958–2002) வாசித்த தனி ஆவர்த்தனங்களை (கச்சேரியில் தாள வாத்தியம் மட்டும் தனியாக வாசிக்கிற பகுதி) கேளுங்கள், ஒரு கை என்றே நம்ப முடியாது. எனக்கு இது உட்கார எட்டு மாதம் ஆனது. பஸ்ஸில் போகும்போதுகூடத் தொடையில் தட்டிக்கொண்டே போவேன்.

அப்புறம் இடது கை. பிடிக்கிற கைதானே என்று அதைச் சும்மா விட்டுவிடுகிறோம். விளிம்போரம் அதன் விரல்நுனியால் தோலை அழுத்திக்கொண்டு வலது கையால் தட்டினால் கும்கி என்கிற ஆழ்ந்த ஒலி வளைந்து எழும். எனக்கு வேகத்தைவிட அதுதான் கஞ்சிரா. அதற்குத் தோல் தளர்ந்திருக்க வேண்டும். உள்பக்கம் தண்ணீர் தெளித்து ஊறவிடுங்கள். ஏசி அரங்கில் சீக்கிரம் காய்ந்து சுருதி ஏறிவிடும், பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் இருக்கட்டும். உடும்புத் தோல் தேடிப் போகாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆட்டுத் தோல் போதும்.

கேள்வி கேட்டவர்:
சாவி திருப்புவது பிடிபட்டது அண்ணா, வலியும் இல்லை. ஆனால் மூன்று விரல் பக்கம் பெரிதாகக் கேட்கிறது, சுட்டுவிரல் அமுங்கிப் போகிறது.

பதில்:
சுட்டுவிரலை ஓங்காதீர்கள், மூன்று விரலைக் குறையுங்கள். கண்ணை மூடிக் கேட்டால் எது எந்த விரல் என்று தெரியக் கூடாது. அதுவரை முதல் காலத்திலேயே இருங்கள்.

இன்னொரு பதில்:
நான் கடம் வாசிப்பவன். அண்ணா சொல்கிற கும்கியை நாங்கள் வயிற்றால் எடுக்கிறோம். கடத்தின் வாயை வயிற்றோடு அணைத்து, தட்டும்போதே லேசாக விலக்கிச் சேர்த்தால் அடி ஒலி வளையும். என்னுடையது மானாமதுரைக் கடம், நல்ல கனம். ஓங்கித் தட்டிய நாளெல்லாம் விரல்தான் வீங்கியது, ஒலி கூடவில்லை.